கூடைப்பந்து வீரனை மதிப்பிடும் முறை

(நம் சங்கத்தின் ஒட்டன்சத்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்குப் பணிக்கப்பட்ட பொருள், நம் சங்கக் கூட்டங்களில் இதுகாறும் பேசப்படாத பொருள். இலக்கணம் கற்பிக்கும் தமிழாசிரியனுக்குப் பந்தாட்டத்தில் என்ன அலுவல் என்று சிலர் வினவக்கூடும். பள்ளியில் மாலைதோறும் ஆடுகளத்தின் ஓரத்தே நின்று பிள்ளைகளைக் கண்காணிக்கும் கடமை ஆசிரியர்க்கு உண்டு. அக்கடமையினால் பல ஆண்டுகள் பார்த்தும் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

பொருள் எழுந்த காரணத்தை முதற்கண் கூறுதல் வேண்டும். நம் கல்வி நிதிக் குழுவிற்கு அண்மையில் ஒரு விண்ணப்பம் வந்தது. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயிலும் நம் இளைஞர் ஒருவர் கூடைப்பந்தாட்டத்தில் வல்லவர். அவர் எழும்பிக் குதிப்பதைக் கண்டோர் வியவாதிருப்பதில்லை. அவரை அமெரிக்க நாட்டிற்கு அனுப்பித் தொழில்முறை ஆட்டக்காரராக்கித் தருவதாக ஒரு தரகர் கூறினராம். அதற்கென ஒரு பெருந்தொகை கேட்கின்றனராம். தந்தையார் கிணற்றோடு கூடிய தம் தோட்டத்தை ஈடு வைக்க எண்ணி, எஞ்சிய தொகைக்கு நம் சங்கத்தை நாடியுள்ளார். குடும்பத்தின் பெயரை ஈண்டு உரைத்தல் முறையன்று. ஆயினும், அக்குடும்பத்தின் கவலை நம் அனைவர்க்கும் உரிய கவலை. இன்று ஒரு வீட்டில் எழுந்த வினா நாளை மற்றொரு வீட்டில் எழும். ஆதலின், ஓர் இளைஞன் ஆட்டத்தினால் பிழைக்க வல்லனோ அல்லனோ என்று எவ்வாறு தேர்வது என்பதே நம் முன் உள்ள வினா.

ஆட்டத்தின் வரலாறு

இக்கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டு ஸ்பிரிங்பீல்டு நகரில், ஜேம்ஸ் நேஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியரால் தோற்றுவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் வெளியே சென்று ஆட இயலாத மாணவர்க்கென, பீச்சுப் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அறைந்து, 13 விதிகளை வகுத்து அவர் தொடங்கினார். அவர் அறைந்த அப்பத்தடி உயரம் இன்றளவும் மாறவில்லை. கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தார் இவ்வாட்டத்தை உலகெங்கும் பரப்பினர். நம் சென்னையில் 1920ஆம் ஆண்டு ஹாரி குரோ பக் என்பவர் அச்சங்கத்தின் சார்பில் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அங்குப் பயின்ற ஆசிரியர்கள் வாயிலாக இவ்வாட்டம் தமிழ்நாட்டுப் பள்ளிகளிற் பரவியது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950இல் அமைந்தது. 1980ஆம் ஆண்டு மாஸ்கோ நகர ஒலிம்பிக் பந்தயத்தில் நம் நாட்டு ஆடவர் அணியும் ஆடியது.

நம் பக்கத்தில் இவ்வாட்டத்தின் சிறப்பைக் காண விரும்புவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கோடைதோறும் பெரியகுளத்தில் நடைபெறும் அகில இந்தியப் போட்டிக்குச் சென்றால் போதும். இரயில்வே, வங்கி, இராணுவம் முதலிய பெரிய நிறுவனங்களின் அணிகள் அங்கு வந்து ஆடுகின்றன. ஓர் இளைஞனின் தகுதியை அளந்தறிய நமக்கு அண்மையில் உள்ள சிறந்த அளவுகோல் அதுவே.

எண்ணும் கணக்கும்

உணர்ச்சிக்கு முன் கணக்கு நிற்றல் வேண்டும். அமெரிக்க நாட்டின் தலைமைத் தொழில்முறைச் சங்கமாகிய என்.பி.ஏ. என்பதில் 30 அணிகள் உள்ளன. அணியொன்றுக்கு நிலையான இடங்கள் 15. ஆகவே உலகம் முழுவதற்கும் உள்ள இடங்கள் 450. இவையன்றி, அரை நிலையில் இருப்போர்க்கென அணிக்கு மூன்று இடங்கள் உண்டு. ஆண்டுதோறும் புதியோரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் இரு சுற்றுக்களாக அழைக்கப்படுவோர் 60 பேர்க்கு மேற்படார். அவ்வறுபதிலும் ஐரோப்பா, ஆஸ்திரேலியா முதலிய நாட்டினர் பலர் இடம்பெறுகின்றனர்.

இனி, வாயிலில் நிற்போரை எண்ணுவோம். அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுக் கழகத்தின் முதற்பிரிவில் மட்டும் 350க்கு மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. அணிக்குப் பதின்மூவர் என்று கொண்டாலும் 4,500க்கு மேற்பட்ட இளைஞர்கள். இரண்டாம் மூன்றாம் பிரிவினர் இக்கணக்கிற் சேரார். இவர்கள் யாவரும் சிற்றூர்ப் போட்டியில் வென்றவர் அல்லர். பல்லாயிரம் பள்ளிகளிலிருந்து சலித்தெடுக்கப்பட்டவர்கள். இவர்களுள்ளும் நூற்றுக்கு ஒருவரோ இருவரோதான் அத்தலைமைச் சங்கத்தாரால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். நம் கல்லூரி ஆட்டத்தில் தலைசிறந்து விளங்கும் பிள்ளையை அவ்வரிசையில் எங்கே நிறுத்துவது என்று தந்தைமார் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டவர் நிலை யாது? பஞ்சாபில் பல்லோ கே என்னும் சிற்றூரிற் பிறந்த சத்னாம் சிங் என்பார் ஏழடி இரண்டங்குல உயரமுடையவர். 2010இல் பதினான்கு அகவையில் அமெரிக்க நாட்டுப் பயிற்சிப் பள்ளிக்கு அழைத்துச் செல்லப்பட்டார். 2015ஆம் ஆண்டு டல்லாஸ் அணியார் அவரை 52ஆம் இடத்தில் தேர்ந்தெடுத்தனர். இந்தியாவிற் பிறந்து அத்தேர்வில் இடம்பெற்ற முதல்வர் அவரே. நாடே பெருமிதங் கொண்டது. ஆயினும், அத்தலைமைச் சங்கத்தின் முறையான ஆட்டம் ஒன்றிலேனும் அவர் களமிறங்கவில்லை. அதற்கடுத்த நிலையிலுள்ள வளர்ச்சிக் கழகத்தில் டெக்சாஸ் அணிக்காக ஆடினார். பின்னர் மல்யுத்தக் காட்சித் தொழிலிற் புகுந்தார். கனடா நாட்டில் நம்மவர் குடியிற் பிறந்த சிம் புல்லர் என்பார் ஏழடி ஐந்தங்குல உயரத்தினர். நியூ மெக்சிகோ மாநிலக் கல்லூரியில் ஆடியவர். 2014இல் எவராலும் தேர்ந்தெடுக்கப்படாமல், 2015 ஏப்ரலிற் சேக்ரமென்டோ அணிக்குப் பத்து நாள் ஒப்பந்தத்தில் அழைக்கப்பட்டு மூன்று ஆட்டங்கள் ஆடினார். அம்மூன்று ஆட்டங்களே இந்திய வழியினர் ஒருவர் அத்தலைமைச் சங்கத்தில் முதன்முதல் ஆடிய ஆட்டங்கள்.

பின்னர் வந்த அம்ஜோத் சிங் 2017இல் ஓக்லஹோமா அணியின் வளர்ச்சிக் கழகத்தில் ஆடினார். பிரின்ஸ்பால் சிங் 2021இற் சேக்ரமென்டோ அணியின் கோடைக்காலக் குழுவில் இடம்பெற்றார். வாரணாசியின் விசேஷ் பிரிகுவன்ஷி 2017இல் ஆஸ்திரேலிய நாட்டு அடிலெய்டு அணியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். இவர்கள் எல்லோரும் இந்திய நாட்டின் அணியில் ஆடிய தலைவீரர்கள். தலைவீரர்க்கே வாயில் இவ்வளவு குறுகியதாயின், பிறர்க்கு எத்துணைக் குறுகியது என்பதை நாம் உய்த்துணரலாம்.

வலி, காலம், இடம்

திருவள்ளுவனார் பொருட்பாலில் தெரிந்து செயல்வகையை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என அதிகாரங்களை நிரல்பட வைத்துள்ளார். அரசற்கு வகுத்த அவ்வரிசை, ஆட்டக்காரனைத் தேர்வார்க்கும் பெரிதும் பொருந்துகின்றது. யாமும் அவ்வரிசையையே மேற்கொள்கின்றோம்.

முதலாவது வலி. கண்டோர் கண்ணை முதலில் ஈர்ப்பது குதிக்கும் ஆற்றல். அஃது இயற்கை அளித்த செல்வம் என்பதில் ஐயமில்லை. ஆயின், அச்செல்வம் ஒன்றே போதுமா? அமெரிக்க நாட்டு மெம்பிஸ் கல்லூரியில் ஆடிய டி. ஜே. ஸ்டீபன்ஸ் என்னும் இளைஞர், 2013ஆம் ஆண்டுத் தேர்வுக்கு முன் நடந்த சோதனையில் 46 அங்குலம் எழும்பினார். ஏறத்தாழ நான்கடி! கேட்டவர் மூக்கின்மேல் விரல் வைத்தனர். எனினும், தேர்வு நாளில் எவ்வணியும் அவரை அழைக்கவில்லை. காரணம் யாது? அவர் உயரம் ஆறடி ஐந்தங்குலம். கல்லூரியில் அவர் கூடைக்கு அருகே நின்று நெடியோர் ஆடும் ஆட்டத்தை ஆடியவர். தொழில்முறையில் அவ்விடத்தில் நிற்போர் அவரினும் அரையடி உயர்ந்தோர். அவ்வுயரத்தினர்க்கு உரியதோ, தொலைவிலிருந்து எறிதலும் பந்தைத் தட்டிக்கொண்டு போதலும். அவ்வித்தைகளில் அவர்க்குப் போதிய தேர்ச்சியில்லை. பின்னர் 2014இல் மில்வாக்கி அணிக்கு மூன்று ஆட்டங்கள் ஆடினார். அதன்பின் ஐரோப்பிய நாடுகளில் ஆடிப் பிழைத்தார்.

இதற்கு மறுதலையும் உண்டு. செர்பிய நாட்டு நிகோலா யோகிச் என்பார் எழும்பிக் குதிப்பதிற் பெயர் பெற்றவர் அல்லர். 2014இல் அவர் 41ஆம் இடத்திலேயே தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரே 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதைப் பெற்றார். அவர் வலி காலில் இல்லை. கண்ணிலும் கையிலும் உள்ளது. தோழன் எங்கே வருவான் என்பதை முன்னரே கண்டு பந்தை வழங்குதல் அவர் வித்தை. கெவின் டுராண்ட் என்பார் 2007இல் நடந்த சோதனையிற் பாரத்தை ஒருமுறையேனும் தூக்கவியலாது நின்றார். ஆயினும் இரண்டாம் இடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2014இல் அதே விருதைப் பெற்றார்.

அங்ஙனமாயின், குதிக்கும் ஆற்றல் பயனற்றதோ எனின், அன்று. அதனைப் பயன்படுத்தும் வழி அறிந்தவனுக்கு அது பெரும்பயன் தரும். பென் வாலஸ் என்பார் இரண்டாம் பிரிவுக் கல்லூரியொன்றில் ஆடியவர். 1996இல் எவராலும் தேர்ந்தெடுக்கப்படாதவர். கூடையில் எறியும் வித்தை அவர்க்குக் கைவரவேயில்லை. ஆயின், தவறித் திரும்பும் பந்தைப் பற்றுவதும் பகைவரைத் தடுப்பதுமே தம் தொழில் என்று உறுதிகொண்டு அதனில் நின்றார். தடுத்தாடுவோருள் தலைசிறந்தவர் என்னும் விருதை நான்குமுறை பெற்றார். 2004இல் டெட்ராய்ட் அணி வாகை சூடத் துணையாயினார். ஒரு தொழிலைத் தெரிந்து, அதனில் எவரினும் மேம்பட்டு நிற்றலே பிழைப்பு என்பதை அவர் வரலாறு காட்டும்.

ஆகவே, வலியை அளக்குங்கால் தந்தைமார் கேட்க வேண்டிய வினாக்கள் சில. பிள்ளையின் உயரம் என்ன? கைகளை விரித்தால் நீளம் என்ன? அவன் இப்பொழுது ஆடும் இடத்தில், மேல்நிலையில் ஆடுவோரின் உயரம் என்ன? அவ்விடம் கிட்டாதாயின், வேறோர் இடத்திற்கு வேண்டிய வித்தை அவன்பால் உண்டா? எறியும் வித்தையை அறிய எளிய வழியொன்று உண்டு. பதினைந்தடித் தொலைவிலுள்ள கோட்டில் நின்று, தடுப்பார் எவருமின்றி எறியும் எறிதலை நாளொன்றுக்கு நூறு முறை செய்யச் சொல்லுக. ஒரு திங்கள் குறித்து வருக. நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் விழுமாயின் கை நல்ல கை. தொலைவிலிருந்து எறியும் வித்தையையும் அவன் கற்றுக்கொள்வான் என்று நம்பலாம். ஐம்பதே விழுமாயின், எத்துணை உயரம் குதித்தாலும் இன்னும் பலகாலம் உழைக்க வேண்டியவன். கோட்டில் நிற்கும்போது குதிக்கும் ஆற்றலால் ஒரு பயனும் இல்லை; கையின் பழக்கமும் மனத்தின் அமைதியுமே வேண்டப்படுகின்றன. அதனாலேயே அமெரிக்க நாட்டுத் தேர்வாளர்களும் இக்கணக்கை உற்று நோக்குகின்றனர்.

இரண்டாவது காலம். நம் ஊர்க் காய்கறிச் சந்தையை அறியாதார் எவருமில்லை. மலையாள நாட்டிற்குத் தக்காளி ஏற்றும் வணிகர் எந்தப் பழத்தைத் தேர்கின்றனர்? கண்ணைப் பறிக்கும் செம்பழத்தையா? இல்லை. அஃது இன்றைக்கே உள்ளூரில் விலைபோகும், நெடும்பயணந் தாங்காது. சற்றே நிறம் மாறிய செங்காயையே பெட்டியில் அடுக்குவர். அது போய்ச் சேரும் நாளிற் பழுத்திருக்கும். ஆட்டக்காரனும் அத்தன்மையனே. இன்று எத்துணை நன்றாக ஆடுகின்றான் என்பதைக் காட்டிலும், சென்ற ஆண்டினும் இவ்வாண்டு எவ்வளவு வளர்ந்தான் என்பதே வினா. பதினெட்டு அகவையில் ஓரளவு ஆடி, ஆண்டுதோறும் புதியதொரு வித்தையைச் சேர்த்துக்கொள்பவன் செங்காய். இருபத்துமூன்று அகவையில் தன்னினும் இளையோரை வென்று, ஈராண்டாக ஒன்றும் புதிதாகக் கற்காதவன் செம்பழம். அவன் இன்று பெறும் கைதட்டலே அவன் பெறும் விலை.

காலத்தைப் பற்றிப் பேசுங்கால் உடல்நலமும் கருதத்தக்கது. குதித்து ஆடுவார்க்கு முழங்காலும் கணுக்காலுமே மூலதனம். முழங்காலின் உள்நார் அறுந்தால் ஓராண்டு களத்தைக் காண இயலாது. குதிக்கும் ஆற்றலையே நம்பியவனுக்கு அவ்வோராண்டு பேரிழப்பு. வித்தையை நம்பியவனோ மீண்டும் எழுவான். விரைவில் உடல் பெருக்கத் தரும் மருந்துகளும் பொடிகளும் கடைகளில் மலிந்துள்ளன. தடைசெய்யப்பட்ட பொருள் அவற்றுட் கலந்திருப்பின், அறியாது உண்டேன் என்பது விடையாகாது. சோதனையில் அகப்பட்டவன் ஆண்டுக்கணக்கில் ஆடாது விலக்கப்படுவான். தாய்மார்கள் இதனை மறத்தல் ஆகாது.

மூன்றாவது இடம். யாருக்கு எதிரே ஆடி எத்தனைப் புள்ளி பெற்றான் என்பதே முறையான கேள்வி. ஐந்தடி எட்டங்குலத்தார் நிறைந்த அணிக்கு எதிரே முப்பது புள்ளி பெறுதல் ஒன்று. பெரியகுளத்தில் வங்கி அணியின் ஆறடி எட்டங்குலத்தாருக்கு எதிரே பத்துப் புள்ளி பெறுதல் மற்றொன்று. பின்னதே மேலானது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தென்மண்டலப் போட்டியிலும், அகில இந்தியப் போட்டியிலும், மாநில அணித் தேர்வு முகாமிலும் அவன் நிலை என்ன? மாநில அணியின் பன்னிருவருள் ஒருவனாக இடம்பெறாதவன், கடல் கடந்து இடம்பெறுவான் என்று கூறுவார் கூற்றை எங்ஙனம் நம்புவது?

இடமென்பது களத்தின் அளவையும் குறிக்கும். நம் நாட்டிற் கூடையிலிருந்து மும்மதிப்புக் கோடு 6.75 மீட்டர். அமெரிக்கத் தலைமைச் சங்கத்தில் அது 7.24 மீட்டர். நம் ஆட்டம் 40 நிமிடம். அவர்கள் ஆட்டம் 48 நிமிடம். அரை மீட்டரும் எட்டு நிமிடமும் சொற்பமாகத் தோன்றலாம். ஆயின், களைத்த காலோடு அவ்வரை மீட்டருக்கு அப்பால் நின்று எறிபவனுக்கே அதன் பொருள் விளங்கும்.

தெரிந்து தெளிதல்

ஒருவனுடைய குணத்தை அறிதல் இதன்பாற்படும். தோற்ற நாளில் அவன் எவ்வாறு நடந்துகொள்கின்றான்? நடுவரை வைகின்றானா, தோழரைக் குறை கூறுகின்றானா, மறுநாட் காலையில் முதல்வனாகக் களத்திற்கு வருகின்றானா? பயிற்சியாளர் அவனை வெளியே அமர்த்தினால் முகஞ் சுளிக்கின்றானா? மேல்நிலைக்குச் செல்வோர் பெரும்பாலோர் முதல் ஈராண்டுகள் வெளியே அமர்ந்தே காலங் கழிப்பர். ஊரில் தலைவனாக இருந்தவனுக்கு அது பொறுத்தற்கரிய துன்பம். அதனைப் பொறுக்கும் நெஞ்சம் இல்லாதவன் அங்கு நிலைத்தல் அரிது.

கல்வியும் தெளிதற்குரிய ஒரு பொருளே. அமெரிக்கக் கல்லூரி முதற்பிரிவிற் சேர விரும்பும் மாணவன், பள்ளியில் 16 முதன்மைப் பாடங்களில் வரையறுத்த அளவு தேர்ச்சி பெற்றிருத்தல் வேண்டும். ஆட்டம் மட்டும் போதாது. டிம் டங்கன் என்னும் பெருவீரர், முன்னரே தொழிலிற் புக வாய்ப்பிருந்தும், நான்காண்டும் வேக் பாரஸ்டு கல்லூரியிற் பயின்று உளநூலிற் பட்டம் பெற்று, அதன்பின் 1997இல் முதலிடத்திற் தேர்ந்தெடுக்கப்பட்டார். படிப்பு அவர் ஆட்டத்தைக் குறைக்கவில்லை.

மூன்று வாயில்கள்

ஆட்டத்தினால் பிழைத்தல் என்பதற்கு நம் நாட்டில் வேறொரு பொருளும் உண்டு. அமெரிக்கத் தலைமைச் சங்கம் ஒரு வாயில். அதனைப் பற்றிக் கூறினோம். இந்திய நாட்டிற்குள்ளேயே தொழில்முறைப் போட்டிகள் இரண்டாம் வாயில். 2015இல் ஒரு போட்டி தொடங்கி 2017ஓடு நின்றது. பின்னர் 2022இல் மற்றொன்று தொடங்கியது. அதன் முதற்பருவத்தில் சென்னை அணி வாகை சூடியது. இவ்வாயில் ஒருகாற் திறந்தும் ஒருகால் மூடியும் கிடப்பதாதலின், இதனையே நம்பிக் குடும்பம் நடத்தல் இயலாது. மூன்றாவது வாயில் வேலை. தென்னக இரயில்வே, இந்திய ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, வருமான வரித்துறை, காவல்துறை முதலியன ஆட்டக்காரர்க்கு உத்தியோகம் அளித்து அணி நடத்தி வருகின்றன. தமிழ்நாட்டரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்க்கு நூற்றுக்கு மூன்று இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இவ்வாயிலே நம்மவர் பலர்க்கு உண்மையில் திறந்துள்ள வாயில்.

இதனைத் தாழ்ந்த வாயில் என்று எவரும் எண்ணற்க. சென்னையில் தென்னக இரயில்வே அணியில் ஆடிய கீது அன்னா ஜோஸ் என்னும் கேரள நாட்டு நங்கையார் ஆறடி இரண்டங்குல உயரத்தினர். வேலை அவர்க்கு ஊன்றுகோலாக இருந்தமையால், 2006 முதல் ஆஸ்திரேலிய நாட்டு ரிங்வுட் அணிக்குச் சென்று ஆடினார். 2011இல் அமெரிக்க மகளிர் தொழில்முறைச் சங்கத்தின் மூன்று அணிகள் அவரைச் சோதனைக்கு அழைத்தன. அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அதனால் அவர் வாழ்வு முறிந்ததா? இல்லை. திரும்பி வந்து இரயில்வேயில் ஆடினார். 2014இல் அர்ஜுனா விருது பெற்றார். தோல்விக்குப் பின்னும் நிற்க ஓரிடம் அவர்க்கு இருந்தது. அவரோடு ஆடிய சென்னை அனிதா பால்துரை, இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கி, 2021இற் பத்மஸ்ரீ விருது பெற்றார். நம் பெண்மக்களும் இவ்வாட்டத்தால் நன்னிலை எய்தலாம் என்பதற்கு இவ்விருவரே சான்று. ஆண்பிள்ளைக்கு ஆயிரம் செலவிடும் வீடு, பெண்பிள்ளை ஆடப்போனால் முகந் திருப்புதல் அறமன்று.

விண்ணப்பத்திற்கு விடை

இனி, நம் முன் உள்ள விண்ணப்பத்தை இவ்வளவுகோலால் அளப்போம். அவ்விளைஞர்க்கு அகவை இருபது. உயரம் ஆறடி ஓரங்குலம். குதிக்கும் ஆற்றல் மிகப் பெரிது. ஆனால், கல்லூரியில் அவர் ஆடுவது கூடைக்கருகே நின்று ஆடும் ஆட்டம். மேல்நிலையில் அவ்வுயரத்தினர் பந்தைத் தட்டிச் சென்று ஆட்டத்தை நடத்துவோராகவே இருத்தல் வேண்டும். அவ்வித்தையை அவர் இன்னும் முற்றக் கற்கவில்லை. மாநில அணியில் இதுவரை இடம்பெறவில்லை. ஆகவே, அமெரிக்கத் தலைமைச் சங்கத்தில் அவர் ஆடுவார் என்று கூறுதல், அவரை வாழ்த்துதல் ஆகாது, ஏமாற்றுதல் ஆகும். அதே வேளையில், ஈராண்டு முறையாக உழைத்தால் வங்கி அணியோ இரயில்வே அணியோ அவரை அழைக்கத்தக்க நிலையை அவர் அடையக்கூடும் என்று துணிந்து கூறுவோம். அவ்வளவு குதிக்கும் ஆற்றலோடு தடுத்தாடும் வித்தையும் எறியும் வித்தையும் சேருமாயின், அவரை விரும்பாத அணி இல்லை.

தரகரைப் பற்றி ஒன்று கூறுவோம். தேர்வு நாளில் அழைக்கப்படும் இடம் விற்பனைப் பொருள் அன்று. அமெரிக்கக் கல்லூரிகள் ஆட்டத்திற்கென வழங்கும் உதவித்தொகையும் காசு கொடுத்து வாங்குவதன்று. பயிற்சியாளர் ஆட்டத்தைக் கண்டு தாமே அளிப்பது. விரும்பப்படும் ஆட்டக்காரனைத் தேடி அவர்களே வருவர். அவனிடமிருந்து முன்பணம் வாங்கார். பணம் கேட்டு வருபவன் விற்பது வாய்ப்பையன்று. நம் ஆசையையே நமக்கு விற்கின்றான்.

ஆதலின், நிதிக் குழுவின் முன் யாம் வைக்கும் கருத்துக்கள் மூன்று. ஒன்று, தோட்டத்தை ஈடு வைத்தல் கூடாது என்று அத்தந்தையார்க்குச் சங்கம் உடன்பிறந்தார் முறையில் எடுத்துரைத்தல் வேண்டும். இரண்டு, அவ்விளைஞர் பட்டம் பெறும்வரை கல்லூரிச் செலவையும், கோடை விடுமுறையிற் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ தக்க பயிற்சியாளரிடம் பயிலும் செலவையும், காலணி, உணவு முதலியவற்றின் செலவையும் சங்கம் ஏற்றல் வேண்டும். மூன்று, ஈராண்டு எல்லை வகுத்து, மாநில அணித் தேர்விலும் நிறுவனங்களின் தேர்விலும் அவர் நிலையை ஆராய்ந்து, அதன்பின் மேற்கொண்டு முடிவு செய்தல் வேண்டும். ஈடு வைத்த தோட்டத்தின் சுமையைத் தோளில் ஏந்திக்கொண்டு எந்தப் பிள்ளையும் உயரக் குதிக்க இயலாது.

அவ்விளைஞர் இவ்வவையில் அமர்ந்திருத்தலும் கூடும். அவர்க்கு ஒரு சொல். தம்பி! யாம் கூறியவற்றால் நின் உள்ளம் வருந்தியிருக்கும். நின் ஆற்றலை யாம் குறைத்துக் கூறவில்லை. அதற்கு ஏற்ற வழியையே தேடினோம். ஐந்தடி மூன்றங்குலமே உயரமுள்ள மக்சி போக்ஸ் என்பார் அத்தலைமைச் சங்கத்திற் பதினான்கு பருவங்கள் ஆடினார். ஆகவே, இயலாது என்று எவரும் அறுதியிட்டுக் கூறுதல் ஒண்ணாது. ஆனால், அவர் தம் உயரத்திற்கு உரிய வித்தையில் எவர்க்கும் பின்வாங்காதவராக இருந்தார் என்பதை மறவாதே. நாளைக் காலை அப்பதினைந்தடிக் கோட்டில் நின்று நூறுமுறை எறிந்து பார். எத்தனை விழுந்தன என்பதை ஓர் ஏட்டிற் குறித்துவை. பொய்யின்றிக் குறித்துவை. ஆறு திங்கள் கழித்து அவ்வேட்டை எம்மிடம் கொண்டுவா. பிறர் கைதட்டலையும் தரகர் சொல்லையும் எம் சொல்லையும் காட்டிலும் அவ்வேடு உனக்கு உண்மை கூறும்.

பெரியோர்களே! நம் முன்னோர் காடு திருத்திக் கிணறு வெட்டிய காலத்தில், நீர் உண்டா என்று பாராமல் வெட்டத் தொடங்கியதில்லை. நீர் உண்டென்று தெளிந்தபின் பாறை கண்டு கைவிட்டதும் இல்லை. நம் பிள்ளைகளின் ஆற்றலிலும் அவ்வாறே, முன்னே தெளிந்து, தெளிந்தபின் துணைநிற்போமாக.